வெறும் குழியில் சிவப்பு

இராஜபாளையம்
12.6.2025

அன்புள்ள மருமகள் இவாஞ்சலினுக்கு,

மாமா தேவநேசன் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் காது இரண்டைத் தவிர எனக்கு மற்ற உறுப்புகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம்பிக்கைதான், ஆதாரம் இல்லை.

நேற்று போனில் பத்து நிமிடம் பேசினாய். எனக்கு விளங்கியது "சரி மாமா, வச்சிரட்டுமா" மட்டும்தான். பீரங்கிப் படையில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவன் காதுக்குப் போன் ஒத்துவராது. ஆகவே இனி நமக்குள் கடிதம். பதினொரு கிலோமீட்டருக்குத் தபாலா என்று உன் புருஷன் ஜெபின் லடாக்கில், லே ராணுவ முகாமில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

ஒன்று கேட்க வேண்டும். உன் அத்தை ஜெயக்கொடி போய் நாலு மாதம் ஆகிறது. அவள் இதய வால்வில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அன்றைக்குத் தலையாட்டினேனே தவிர, எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெற்றிலைகூடப் போடாதவள் நெஞ்சுக்குள் சுண்ணாம்பு எப்படிப் போகும்? உன் ஆய்வகத்தில் நீ அதைத்தான் பார்க்கிறாய் என்று ஜெபின் சொல்கிறான். பீரங்கிக்காரனுக்குப் புரிகிற மாதிரி எழுது.

இப்படிக்கு,
உன் மாமா,
ஓய்வுபெற்ற சுபேதார் தேவநேசன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
21.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

தோத்திரம். நான் நலம். ஆதாரம் கேட்டீர்கள்: நேற்று இரவு உப்புமா சாப்பிட்டேன்.

அத்தை நெஞ்சுக்குள் வெளியிலிருந்து எதுவும் போகவில்லை மாமா. நம் உடம்பில் உள்ள செல்கள் தங்களிலிருந்தே சின்னச் சின்னப் பைகளைக் கிள்ளி வெளியே விடுகின்றன. ஒரு தலைமுடியின் அகலத்தில் ஐந்நூறு பைகளை வரிசையாக நிறுத்தலாம். எலும்பு வளர இந்தப் பைகள் வேண்டும். இவற்றில்தான் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து முதல் துணுக்கு உண்டாகிறது. அதே வேலையை வால்வில் போய்ச் செய்தால் வால்வு இறுகிவிடும். கொத்தனார் நல்ல கொத்தனார்தான். தப்பான மனையில் வீடு கட்டுகிறார்.

நான் செல்களை வளர்த்து அந்தப் பைகளைப் பிடிக்கிறேன். அதற்கான பெரிய சுழற்சி இயந்திரம் மதுரையில் இருக்கிறது. ஐஸ் பெட்டியோடு காலை ரயிலில் போகிறேன். டிக்கெட் பரிசோதகர் "மீனா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையை விளக்கி முடிப்பதற்குள் மதுரை வந்துவிடும். நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்றுச் சுற்றினால் பைகள் அடியில் படியும். அவற்றை ஜெல் என்ற கூழில் கலந்து, பணியாரச் சட்டி போலக் குழிகள் உள்ள ஒரு தட்டில் ஊற்றிப் பத்து நாள் வைப்பேன். பிறகு சிவப்புச் சாயம் விடுவேன். கால்சியம் இருந்தால் சிவக்கும்.

பைகள் போடாத வெறும் குழிகளும் அதே தட்டில் இருக்கும். அவை சிவக்கவே கூடாது. வெறும் குழி வெறுமையாக இருந்தால்தான், மற்றக் குழிகளைச் சிவக்க வைத்தது பைகள்தான் என்று நான் சொல்ல முடியும்.

உங்கள் கடிதத்தைப் பார்த்து ஆய்வகத்துப் பிள்ளைகள் காதல் கடிதமா என்று கேட்டார்கள். மாமனார் எழுதியது என்றேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். அதனால் மடித்து என் மேசையிலுள்ள கையுறைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். சாயம் காயும் நேரத்தில் எடுத்து வாசிப்பேன்.

அன்புடன்,
இவா


இராஜபாளையம்
5.7.2025

அன்பு மருமகளுக்கு,

மாமா சுகம். நீ காட்டிய உப்புமாவை ஆதாரமாக ஏற்க முடியாது. அது சாப்பாடு இல்லை, சமாளிப்பு.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். தப்பான மனையில் வீடு கட்டும் கொத்தனார் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் மேலே படிக்க முடிந்தது. ஒரு சந்தேகம் இருக்கிறது. இதை மட்டும் எனக்காகப் பூசி மெழுகாமல் சொல். உன் அத்தைக்கு இரண்டு வேளையும் பால் வேண்டும். ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து நான்தான் காய்ச்சிக் கொடுத்தேன். பாலில் சுண்ணாம்புச் சத்து என்கிறார்களே, அதனால் வந்ததா?

என் பொழுது நன்றாகப் போகிறது. காலையில் நடை, பிறகு சபை வாசகசாலையில் பேப்பரும் வேதாகமமும், மாலையில் வீடு. ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?

உன் பதிலை எதிர்பார்க்கும்,
மாமா


ஸ்ரீவில்லிபுத்தூர்
24.7.2025

அன்புள்ள மாமா,

முதலில் பால். இல்லை மாமா. இல்லவே இல்லை. நீங்கள் காய்ச்சிக் கொடுத்த பாலால் அது வரவில்லை. அந்தப் பாரத்தை இன்றைக்கே இறக்கி வையுங்கள்.

என் பாரத்தை எங்கே இறக்குவது என்றுதான் தெரியவில்லை. வெறும் குழிகள் சிவக்கின்றன. இரண்டரை வருஷமாகச் சுத்தமாக இருந்தவை ஜூன் கடைசியிலிருந்து சிவக்கின்றன. நாலு தட்டு போட்டேன். நாலிலும் மேலாகச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள்.

என் வழிகாட்டி வெங்கடேஸ்வரி மேடம் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. "தொடர்ந்து மூணு தட்டு சுத்தமா காட்டும்மா. இல்லேன்னா குழு முன்னாடி நானும் உன்கூட நின்னு முழிக்கணும்" என்றார். என் முனைவர் பட்ட ஆய்வை மதிப்பிடும் குழு நவம்பர் 28 அன்று கூடுகிறது. எனக்கு இதற்கு மேல் கால நீட்டிப்பு கிடையாது. அன்றைக்குக் காட்ட முடியாவிட்டால் மூன்று வருஷ வேலையை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

புலம்பிவிட்டேன். உங்கள் கடிதத்தாள் ஏன் எப்போதும் மொரமொரவென்று இருக்கிறது? மடிப்பில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறதே.

வேண்டுதல் செய்யுங்கள்.
இவா


இராஜபாளையம்
2.8.2025

அன்பு இவாவுக்கு,

சுகம். பால் விஷயத்துக்கு நன்றி. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

சிவப்பு விஷயத்தில் என் சந்தேகம் தண்ணீர் மேல். நம் பக்கத்துத் தண்ணீரில் சோறு வடித்தால் பானையிலேயே வெள்ளை படிகிறது. உன் குழியில் படியாதா? தண்ணீரை மாற்று. குண்டு தவறான இடத்தில் விழுந்தால் நாங்கள் பீரங்கியைத் திட்டுவதில்லை. கடைசியாகத் தொட்டவன் யார் என்று பார்ப்போம்.

தாளில் இருப்பது முகப்பவுடர். வெயிலுக்குக் கழுத்தில் போட்டுக்கொள்கிறேன். கிழவனுக்கு என்ன அலங்காரம் என்று நினைக்காதே.

வேண்டுதல் தினமும் உண்டு.
மாமா


ஸ்ரீவில்லிபுத்தூர்
20.8.2025

அன்புள்ள மாமா,

தோத்திரம். தண்ணீரை மாற்றினேன். சாயத்தை மாற்றினேன். தட்டுகளைப் புதிதாக வாங்கினேன். சிவப்பு போகவில்லை. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

உங்கள் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி அக்கா நேற்று போன் பண்ணினார்கள். "உங்க மாமா காலைல எட்டு மணிக்குப் போறாவ, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வாராவ. எங்க போறிய அண்ணாச்சின்னு கேட்டா சிரிச்சிக்கிட்டே போயிருதாவ. முகமெல்லாம் வெளிறிக் கெடக்கு தாயி. ஒரு எட்டு வந்து பாத்துக்கோ" என்றார்கள்.

சபை வாசகசாலை பதினொரு மணிக்கே பூட்டிவிடும். எனக்குத் தெரியும் மாமா, நானும் அந்தச் சபையில்தான் கல்யாணம் கட்டினேன். மூச்சு வாங்குகிறதா? நெஞ்சு அடைக்கிறதா? மறைவாக ஏதாவது ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்களா? அத்தையும் கடைசி வரை ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள். அவர்கள் முகமும் அப்படித்தான் வெளிறியிருந்தது. இராப்பகலாக வால்வையே ஆராய்கிறவளுக்குத் தன் வீட்டில் நடந்தது தெரியவில்லை என்ற பேச்சு எனக்கு ஒரு தடவை போதும்.

உண்மையை எழுதுங்கள்.
இவா


ஸ்ரீவில்லிபுத்தூர்
29.9.2025

மாமாவுக்கு,

நாற்பது நாள் ஆயிற்று. பதில் இல்லை.

சென்ற ஞாயிறு ஆராதனைக்கு வந்தேன். தேய்த்த சட்டையும் வெட்டி விட்ட மீசையுமாக முன் வரிசையில் நின்று பாடினீர்கள். வெளியே வந்ததும் கேட்டேன். "நல்லா இருக்கேம்மா, மழை வரும்போல இருக்கு, பஸ்ஸப் பிடி" என்றீர்கள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. கேட்க வேண்டாதது மட்டும் உங்கள் காதில் விழுவதே இல்லை. என் கடிதத்துக்குப் பயந்துதான் எழுதாமல் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஜெபினிடம் இன்னும் சொல்லவில்லை. பனியில் நிற்கிறவரை எதைச் சொல்லிக் கலங்கடிப்பது?

நல்ல செய்தியும் ஒன்று இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் கையுறைப் பெட்டி தீர்ந்து புதுசு வந்தது. உங்கள் கடிதங்களை விடுதிக்கு எடுத்துப் போய்விட்டேன். அதன் பிறகு போட்ட இரண்டு தட்டுகளிலும் வெறும் குழிகள் பளிச்சென்று இருக்கின்றன. காரணம் தெரியவில்லை. மேடம் "காரணம் தெரியாத நல்லது பாதி நல்லதுதான்" என்கிறார். மூன்றாவது தட்டு அக்டோபர் 13.

நலம் என்று ஒரு வரியாவது போடுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.
இவா


இராஜபாளையம்
8.10.2025

அன்பு இவாவுக்கு,

நலம். மூச்சு வாங்கவில்லை. நெஞ்சு அடைக்கவில்லை. கவலைப்படாதே. மூன்றாவது தட்டுக்காக வேண்டிக்கொள்கிறேன்.

மாமா


ஸ்ரீவில்லிபுத்தூர்
18.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இதை உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் மூன்று வரிக் கடிதம் பத்தாம் தேதி வந்தது. சந்தோஷத்தில் பழக்கதோஷமாகக் கையுறைப் பெட்டிக்குள் செருகி வைத்தேன். பதின்மூன்றாம் தேதி மூன்றாவது தட்டுக்குச் சாயம் விட்டேன். வெறும் குழிகள் சிவந்துவிட்டன. அங்கேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். பிறகு தட்டைக் கழுவலாம் என்று புதுக் கையுறை உருவியபோது உங்கள் கடிதமும் கூடவே வந்து மேசையில் விழுந்தது. எங்கள் மேசை கறுப்பு. கடிதம் விழுந்த இடத்தைச் சுற்றி வெள்ளைப் பொடி.

நாள்காட்டியை எடுத்தேன். உங்கள் கடிதம் பெட்டிக்குள் இருந்த காலமெல்லாம் சிவப்பு. நீங்கள் கோபித்துக்கொண்டு எழுதாமல் இருந்த காலம் மட்டும் சுத்தம். ஒவ்வொரு கையுறையும் உங்கள் தாளை உரசிக்கொண்டுதான் வெளியே வந்திருக்கிறது. அந்தக் கையோடுதான் நான் சாயம் விட்டிருக்கிறேன். கடைசியாகத் தொட்டவன் யார் என்று பார்க்கச் சொன்னீர்களே. நான்தான்.

கடிதத்தின் ஒரு முனையை வெட்டிச் சாயம் விட்டேன். சட்டென்று சிவந்தது. அப்படியானால் கால்சியம். இன்னொரு முனைக்கு வெள்ளிக் கரைசல் விட்டு வெளிச்சத்தில் வைத்தேன். எலும்பில் உள்ள மாதிரி பாஸ்பேட் இருந்தால் அது கறுக்கும். கறுக்கவில்லை. கடைக்குப் போய் நீங்கள் போடும் பவுடரையே வாங்கி வந்து சாயம் விட்டேன். அது சிவக்கவே இல்லை மாமா.

மேடத்திடம் காட்டினேன். அவர் இராஜபாளையத்துக்காரர். விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது மாவுக்கட்டுக்குப் போடுற மாவுல்லா! எங்க தெருவுல பாதிப் பேரு சட்டையில இதுதான் இருக்கும்" என்றார். அந்த மாவும் கால்சியம்தான் மாமா, பாஸ்பேட் இல்லாத கால்சியம்.

காலை எட்டு மணி. விளக்கு வைக்கிற நேரம். வெளிறிய முகம். எலும்பு முறிந்தால் போடுகிற மாவுக்கட்டுத் துணி செய்யும் கம்பெனி ஒன்றில் நீங்கள் வேலை பார்க்கிறீர்கள். சரியா?

தட்டு வீணாகிவிட்டதே என்று அழ வேண்டியவள், உங்களுக்கு இதயம் நன்றாக இருக்கிறது என்று அழுதேன். பிறகு எங்கள் பிள்ளைகள் எல்லோரும் பார்க்கச் சத்தமாகச் சிரித்தேன். இனி யார் என்ன சொன்னாலும் எனக்குக் கவலை இல்லை.

இரண்டு உத்தரவு. ஒன்று, இதய ஸ்கேன் எடுத்து முடிவை அனுப்புங்கள். நலம் என்ற சொல்லை இனி ஆதாரமாக ஏற்க மாட்டேன். இரண்டு, அந்த மாவில் ஒரு பொட்டலம் சீல் வைத்து அனுப்புங்கள். எனக்கு அது வேண்டும்.

அன்புடனும் கோபத்துடனும்,
இவா


இராஜபாளையம்
24.10.2025

அன்பு மகளுக்கு,

இரண்டு தரம் குளித்து, சலவை வேட்டி கட்டி, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். புதுத் தாள், புதுப் பேனா. உறையை வேலுத்தாயிடம் கொடுத்து ஒட்டச் சொல்லியிருக்கிறேன், என் கையை நம்பவில்லை. அந்த வேலுத்தாய் யார் என்று இனிதான் சொல்ல வேண்டும்.

நீ எழுதியது சரி. ஜூன் இரண்டாம் தேதியிலிருந்து வேலைக்குப் போகிறேன். மாவு பூசிக் காய்ந்த துணியை உருளையாகச் சுற்றிப் பையில் போடும் மேசை. பத்தொன்பது பேர், பதினெட்டும் பெண்கள். எங்கள் மேசைக்கு மேஸ்திரி வேலுத்தாய். முதல் நாளே, "என்ன மிலிட்டரி அண்ணாச்சி, இம்புட்டு இறுக்கமாச் சுத்துனா தண்ணி எப்படி உள்ள இறங்கும்? நோயாளி என்ன எதிரி நாட்டுக்காரனா?" என்று கேட்டாள். நூற்று இருபது பேருக்கு உத்தரவு போட்டவன் எழுந்து நின்று "சரிம்மா" என்றேன். ஓய்வு பெற்ற பிறகு எவன் உத்தரவுக்கும் கட்டுப்பட மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது நினைவிருக்கும். இதை எந்த முகத்தோடு உங்களிடம் சொல்வது? பென்ஷன் வருகிறது, பிறகு எதற்கு என்று ஜெபின் குதிப்பான்.

எதற்கு என்று உனக்குச் சொல்கிறேன். உன் அத்தை ஒருத்திதான் என் காதுக்குத் தக்கபடி பேசத் தெரிந்தவள். அவள் போன பிறகு வீட்டில் சுவர்க் கடிகாரம் ஆடுவது கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை. வருகிறவர்கள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, ஒண்ணுமில்லை என்று கையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். கம்பெனியில் துணி வெட்டும் மிஷின் ஓடுகிற சத்தத்தில் எல்லோரும் எல்லோரிடமும் கத்தித்தான் பேசுகிறார்கள். அங்கே நான் செவிடன் என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று மாதம் கழித்துத்தான் வேலுத்தாய்க்கே தெரிந்தது. உனக்கு எழுதிய கடிதமெல்லாம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த மேசையில் உட்கார்ந்து எழுதியதுதான். வீட்டில் உட்கார்ந்தால் எழுத ஓடாது.

உன் தட்டைக் கெடுத்தது என் கை என்று படித்தவுடன் எழுந்து போய்க் கையைக் கழுவினேன். அந்த மூன்றாவது தட்டுக்காக வேறு வேண்டிக்கொண்டேன். மன்னித்துவிடு.

ஸ்கேன் எடுத்தாயிற்று. வேலுத்தாய்தான் கூட வந்து டாக்டர் சொன்னதை என் காதில் கத்தினாள். வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் என் வால்வு நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. முடிவின் நகல் இத்துடன். மாவு தனிப் பார்சலில், மூன்று உறைக்குள் மூன்று சீல் வைத்து வருகிறது. அதை எதற்குக் கேட்டாய் என்று எனக்கு விளங்கவில்லை. உத்தரவு என்றாய், அனுப்பிவிட்டேன்.

தலைகுனிந்து,
மாமா


ஸ்ரீவில்லிபுத்தூர்
30.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

தோத்திரம். நான் நலம். ஆதாரம்: நேற்று மேடம் வீட்டில் மட்டன் பிரியாணி, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

நீங்கள் ஒன்றையும் கெடுக்கவில்லை. புதுப் பெட்டியோடு மூன்று தட்டு போட்டேன். மூன்றிலும் வெறும் குழிகள் சுத்தம், பைகள் போட்ட குழிகள் சிவப்பு. வெள்ளிக் கரைசலுக்கு அந்தக் குழிகள் மட்டும் கறுத்தன.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. திருநெல்வேலியிலிருந்து வந்த பேராசிரியர் வைகுண்டராஜ் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "சிவப்பெல்லாம் இருக்கட்டும்மா. ஏதோ ஒரு கால்சியத் தூசு விழுந்தாலும் சிவக்குமே. உன் பைதான் செஞ்சதுன்னு எப்படிச் சொல்லுத?" அந்தக் கேள்விக்காக நான் ஒரு மாதமாகக் காத்திருந்தேன். நாலாவது தட்டை எடுத்து வைத்தேன். அதில் உங்கள் மாவு போட்ட குழிகள். சாயத்துக்குச் சிவந்திருக்கிறது, வெள்ளிக்குக் கறுக்கவில்லை, கூழின் மேலேயே கிடக்கிறது. பக்கத்தில் பைகள் செய்தது: சிவந்திருக்கிறது, கறுத்தும் இருக்கிறது, கூழுக்குள்ளிருந்தே வளர்ந்திருக்கிறது. அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இந்த யோசனை யாருடையது?" என்றார். "என் மாமனார் சார், மாவுக்கட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறார்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள் மாமா. ஆய்வேட்டை எழுதச் சொல்லிவிட்டார்கள். நன்றி சொல்லும் பக்கத்தில் உங்கள் பெயருக்குக் கீழே வேலுத்தாய் அக்கா பெயரும் வரும்.

ஜெபினுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். குதிக்கவில்லை. "அப்பாவை அதட்டுறதுக்கு ஊர்ல ஒரு ஆள் கிடைச்சிருக்கு, நல்லா இருக்கட்டும்" என்கிறார். நீங்கள் வேலையை விட வேண்டாம். முகக்கவசம் மட்டும் போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் எனக்கு எழுதும்படி வேலுத்தாய் அக்காவுக்குத் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. நீங்கள் இரண்டு தரம் குளித்து எழுதிய அந்தக் கடிதத்தின் முனையிலும் ஒரு சொட்டுச் சாயம் விட்டுப் பார்த்தேன். சிவக்கவில்லை. அவ்வளவு சுத்தம். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகிவிட்டது.

இனிமேல் வீட்டில் உட்கார்ந்து எழுதாதீர்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில், அந்த மேசையிலேயே, கையைக்கூடத் துடைக்காமல் எழுதுங்கள். ஆய்வகத்துக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். என் விடுதி முகவரி உறையின் பின்னால் இருக்கிறது.

உங்கள் மகள்,
இவா